ஆறு கிலோ பலாப்பழமும் ரயிலின் வேகமும்

என் மகள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபத்துக்குப் பதில் சொல்லலாம். ஸஹானா கோபப்படவில்லை. தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே, தட்டுக்குப் பக்கத்தில் மேஜை மேல் விரலால் அம்புக்குறிகள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி அது?" என்றேன்.

"மொமெண்டம். ரெண்டு பொருள் மோதிக்கிட்டா அப்புறம் என்ன ஆகும்னு."

"என்ன ஆகும்?"

நிமிர்ந்து பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு, பஸ்ஸில் வயதானவர்களுக்கு எழுந்து இடம் கொடுக்கிற கனிவோடு, "உனக்குப் புரியாதும்மா, விடு," என்றாள். தட்டைக் கழுவி வைத்தாள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பன்னெண்டாவது படிக்கிற பொண்ணு. விடேன் அவளை," என்றார் என் கணவர் ஸ்ரீநிவாசன், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் அவளைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்ததைப் போல.

பத்தாம் வகுப்பு வரை ஸஹானாவைப் பள்ளியிலிருந்து ஸ்கூட்டரில் நான்தான் அழைத்து வருவேன். பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டி வரும்போது பின்னாலிருந்து பேசிக்கொண்டே வருவாள். யார் யாரோடு டூ விட்டாள், எந்த டீச்சர் புடவையில் சாக்பீஸ் தூளோடு வந்தாள், எல்லாம். ஹெல்மெட்டுக்குள் பாதிதான் கேட்கும். மீதியை நானாக நிரப்பிக்கொண்டு "ஆமாமா" என்பேன். பதினொன்றாம் வகுப்பில் கோச்சிங் சென்டர் வேன் வந்தது. எங்களுக்குள் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. இந்த நாளில், இந்த வார்த்தையில் ஆரம்பித்தது என்று சுட்டிக்காட்டவும் எதுவுமில்லை. பேச்சு மெல்லக் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒரு கதவாக மிஞ்சியது. அந்தக் கதவுக்குப் பின்னால் எனக்கு ஓர் இடம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பால் டம்ளரை வைத்துவிட்டு வருகிற இடமில்லை. உட்காருகிற இடம்.

உள்ளே போக ஒரே வழி இயற்பியல்தான் என்று தோன்றியது. பிளஸ் டூவில் நான் காமர்ஸ். அவளுடைய பழைய ஆங்கில வழிப் புத்தகத்தைப் புரட்டியபோது கண்ணைக் கட்டியது. தமிழ் வழிப் புத்தகத்தைக் கைபேசியில் இறக்கிப் பார்த்தேன். மொமெண்டத்துக்கு அதில் 'உந்தம்' என்று போட்டிருந்தது. பொருளின் நிறையை அதன் வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம். கனமானது மெதுவாக வந்தாலும் தள்ளும், லேசானது வேகமாக வந்தாலும் தள்ளும். காலை நேரத்தில் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கியவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அடுத்த வரி இன்னும் பிடித்தது. மோதலுக்கு முன்னால் இருந்த மொத்த உந்தமும் மோதலுக்குப் பின்னால் இருக்கும் மொத்த உந்தமும் ஒன்றே. யார் எவ்வளவு இடித்துக்கொண்டாலும் மொத்தம் மாறாது. அந்த வரியை இரண்டு முறை படித்தேன். ஏதோ ஒரு நல்ல செய்தி எனக்கென்று வந்த மாதிரி இருந்தது.

நான் படிக்க முடிகிற ஒரே இடம் ரயில். எழும்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் வேலை. தாம்பரத்தில் புறப்படும் வண்டியின் பெண்கள் பெட்டியில் எங்களுக்கென்று ஒரு ஜன்னல் மூலை உண்டு. சரோஜினி மேடம் என்னோடு தாம்பரத்தில் ஏறுவார். பாரிமுனையில் ஒரு வங்கியில் வேலை, ஓய்வுக்கு இன்னும் சில வருஷங்கள்தான். பச்சையம்மா பல்லாவரத்தில் ஏறுவாள். அதுவரை அவள் இடத்தில் சரோஜினி மேடத்தின் சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருக்கும். பச்சையம்மாவின் குடும்பம் கீழ்க்கட்டளையில் மூன்று தலைமுறையாக நிலம் வைத்திருந்தவர்கள். இப்போது அந்த நிலத்தில் வரிசையாகக் கடைகள். வளையல், கிளிப், பொட்டு விற்கும் பெரிய ஃபேன்ஸி ஸ்டோரை மட்டும் அவளே நடத்துகிறாள். சரக்கெடுக்கப் பாரிமுனைக்குத் தானே போவாள். பிறரை அனுப்பினால் போன வருஷத்து டிசைனைத் தலையில் கட்டி அனுப்பிவிடுவார்களாம்.

ரயிலில் நாங்கள் சும்மா இருக்கமாட்டோம். பீன்ஸ் நறுக்குவோம், பூண்டு உரிப்போம், கீரை ஆய்வோம். அன்று நான் கத்தியை எடுக்காமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டு வந்தது பச்சையம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா சுந்தரி, டிபார்ட்மெண்டு பரீட்சையா? ப்ரமோசன் வர்து போல கீதே."

"இல்லக்கா. என் பொண்ணோட பாடம்."

"உம்பொண்ணு பாடத்த நீ இன்னாத்துக்குப் படிக்கிற? அவ தூங்கிகினு கீறாளா?"

சொல்லிவிட்டேன். 'உனக்குப் புரியாதும்மா, விடு' என்பதை ஸஹானாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். சொன்னபோது சிரித்தேன், ஆனால் கடைசிச் சொல்லில் குரல் கொஞ்சம் பிசகியது. சரோஜினி மேடம் பீன்ஸ் கவரை மூடிப் பைக்குள் வைத்தார்.

"கணக்கைப் படி சுந்தரி," என்றார். "நான் பி.எஸ்ஸி. ஃபிஸிக்ஸ் தெரியுமோ? லேபுல பல்பை உடைச்சது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. ஆனா எண்ணுன்னா நான் பயப்பட மாட்டேன்."

அப்படி ஆரம்பித்தது. தினமும் ஒரு கணக்கு. நான் படிப்பேன், மேடம் கூட்டிப் பெருக்குவார், பச்சையம்மா சந்தேகம் கேட்பாள். அவள் சந்தேகங்களுக்கு முடிவே கிடையாது. 'உராய்வு இல்லை எனக் கொள்க' என்று வந்தால், "ஏன் கொள்ளணும்? அவுரு வூட்டுத் தரையில எண்ணெ கொட்டிக்கீதா?" என்பாள். ஐந்து அலகு உந்தத்தோடு வரும் பந்து ஒன்று சுவரில் மோதி அதே வேகத்தில் திரும்பி வருகிறது, உந்தத்தில் ஏற்பட்ட மாற்றம் என்ன என்று ஒரு கணக்கு வந்தது. மேடம் யோசிக்காமல், "பூஜ்யம்," என்றார். "அஞ்சு போச்சு, அஞ்சு வந்தது. டேலி ஆயிடுத்து."

புத்தகத்தில் விடை பத்து என்று இருந்தது.

"அச்சுப் பிழை," என்றார் மேடம்.

"இரு மேடம்," என்றாள் பச்சையம்மா. "குடோன்ல லாரி மேலருந்து பண்டல தூக்கிப் போடுவான். நான் புடிச்சிகினா ஒரு தள்ளு தள்ளும். புடிச்சி, அவன் மேலயே திருப்பி வீசினேன்னு வெச்சிக்கோ. அப்ப எனுக்கு எத்தினி தள்ளு?"

மேடம் தன் இரண்டு கைகளையும் நீட்டி, இல்லாத பண்டல் ஒன்றைப் பிடித்துத் திருப்பி வீசிப் பார்த்தார். எதிரே நின்றிருந்த பெண் ஒருத்தி தலையைக் குனிந்து தப்பித்துக்கொண்டாள்.

"ரெண்டு," என்றார் மேடம். "முதல்ல நிறுத்தறதுக்கு ஒண்ணு. திருப்பி அனுப்பறதுக்கு ஒண்ணு. அட கடவுளே. முப்பத்திரண்டு வருஷமா பேங்க்ல இருந்து புத்தி இப்படி ஆயிடுத்தே."

நாங்கள் சிரித்த சிரிப்பில் மீனம்பாக்கத்தில் ஏறிய கூட்டமே திரும்பிப் பார்த்தது.

சில வாரங்களில் எனக்குள் ஒன்று நடந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. மகளின் அறைக்குள் போவதற்காக ஆரம்பித்தவள், மகளை மறந்துவிட்டேன். காலையில் கண் விழித்ததும் முந்தைய நாள் கணக்கு ஞாபகம் வந்தது. சாம்பாருக்குப் புளி கரைக்கும்போது இரண்டு பந்துகள் என் தலைக்குள் நெருங்கி வந்தன, மோதின, பிரிந்தன. விடை சரியாக வருகிற கணத்தில் மார்புக்குள் ஏதோ ஒன்று சட்டென்று அதன் இடத்தில் போய் உட்காரும். இந்தச் சந்தோஷம் யாருக்காகவும் இல்லை. யாரும் பாராட்டவில்லை, யாருக்கும் பசி தீரவில்லை. இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு இருக்கலாம் என்பதே ஏதோ விதியை மீறுவதுபோல் இருந்தது. ஸஹானா கதவைச் சாத்திக்கொள்வது என்னிடமிருந்து தள்ளிப்போக இல்லையோ, இதற்காகத்தானோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. அப்படியானால் நான் எப்படிக் கதவைத் தட்டுவது? 'எனக்கும் புரிகிறது பார்' என்று போய் நின்றால், அவள் அந்தக் கனிவோடு "சூப்பர்மா" என்பாள். அந்த 'சூப்பர்மா'வை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது.

பலாப்பழம் வந்தது ஒரு புதன்கிழமை.

பல்லாவரத்தில் பச்சையம்மா ஒரு கட்டைப்பையை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு ஏறினாள். கீழ்க்கட்டளை வீட்டுப் பின்புறத்து மரத்தின் முதல் பழமாம். வழக்கமாகச் சரக்கெடுக்கும் பாரிமுனை சேட்டுக்குக் கொண்டுபோகிறாள்.

"வூட்டுத் தராசுல போட்டேன். ஆறு கிலோ. நம்ப மாட்டான், அங்க ஒரு வாட்டி நிறுத்துக் காட்டணும்," என்று மூச்சு வாங்கினாள்.

சரோஜினி மேடம் அவளுக்காகத் தன் சாப்பாட்டுப் பையை எடுத்துத் தரையில் வைத்தார். பச்சையம்மா உட்கார்ந்தாள். வண்டி கிளம்பி, மீனம்பாக்கம் தாண்டி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தபோது, கட்டைப்பையை வழியிலிருந்து ஒதுக்குவதற்காகக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள். அவள் கால் எப்போதும் கொஞ்சம் தாராளம். பை வழுக்கிக்கொண்டு போய்ச் சாப்பாட்டுப் பையில் மோதியது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரயில் போகிற திசையில் நகர்ந்து, எதிர் சீட்டின் காலில் முட்டி நின்றன.

"என் மோர்க்குழம்பு!" என்றார் மேடம்.

டப்பா திறக்கவில்லை. ஆனால் நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்றைய கணக்கைப் புத்தகத்தில் தேட வேண்டியிருக்கவில்லை.

"முழு மீட்சியற்ற மோதல்," என்றேன் நான். மோதிய பிறகு இரண்டு பொருளும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகவே போனால் அதற்கு அந்தப் பெயர்.

"பழம் ஆறு கிலோ," என்றார் மேடம், அலுவலகக் கவர் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு. "என் பை, தண்ணி பாட்டிலோட, ரெண்டு கிலோன்னு வெச்சுக்கோ. தள்ளின வேகம் விநாடிக்கு ரெண்டு மீட்டர். ஆறு ரெண்டு பன்னெண்டு. என் பை சும்மா நின்னுண்டு இருந்தது, அதுக்குப் பூஜ்யம். மொத்தம் பன்னெண்டு. ஒட்டினப்புறம் எட்டு கிலோ. பன்னெண்டை எட்டால வகுத்தா ஒண்ணரை. ரெண்டும் சேர்ந்து ஒண்ணரை மீட்டர் வேகத்துல போச்சு. முடிஞ்சுது."

"எப்டி முடிஞ்சிது?" என்றாள் பச்சையம்மா. "உம் பை சும்மாவா நின்னுச்சு?"

"பின்னே? நான்தானே தரையில வெச்சேன்."

"ரயிலு ஓடுதுல்ல?"

மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"ரயிலு ஓடிகினு கீது. தரை ஓடிகினு கீது. உம் பை, மோர்க்கொழம்பு, நீ, நான், எல்லாரும் ஓடிகினு கீறோம். அத்த கணக்குல சேக்காத வுட்டா எப்டி?"

"ரயில் நமக்கெல்லாம் பொது, பச்சையம்மா. அதை எடுத்துக்கக் கூடாது."

"யாரு சொன்னா? புஸ்தகத்துல போட்டுக்கீதா?"

புத்தகத்தில் ரயிலுக்குள் பலாப்பழம் இல்லை. எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்த நர்ஸ் ஒருத்தி கண்ணைத் திறக்காமலே, "அக்கா சொல்றது கரெக்டு, ஸ்பீடைச் சேர்க்கணும்," என்றாள். கம்பியைப் பிடித்து நின்ற இன்னொருத்தி, "அதெப்படி? வெளியில நிக்கிறவங்களுக்குத்தானே ஸ்பீடு? நமக்கு ஏது?" என்றாள். பரங்கிமலை வருவதற்குள் பெட்டியின் அந்தப் பகுதி இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது.

"சண்டை வேண்டாம்," என்றேன். "மேடம் உள்ளேயிருந்து பார்க்கிற கணக்கைப் போடட்டும். தண்டவாளத்துப் பக்கத்துல ஒருத்தர் நின்னு பார்க்கிற மாதிரி நான் பச்சையம்மாக்கா கணக்கைப் போடறேன்."

ரயிலின் வேகம் மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டர் என்று மேடம்தான் முடிவு செய்து கொடுத்தார். விநாடிக்குச் சரியாகப் பத்து மீட்டர் வரும், உனக்குச் சுலபமாக இருக்கும் என்றார். எதிர்க்கட்சிக்கு இந்த உதவியைச் செய்ததில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்.

வெளியே நிற்பவருக்குப் பழத்தின் வேகம் இரண்டு இல்லை, பன்னிரண்டு. சாப்பாட்டுப் பையின் வேகம் பூஜ்யம் இல்லை, பத்து. ஆறு பன்னிரண்டு எழுபத்திரண்டு. இரண்டு பத்து இருபது. மொத்த உந்தம் தொண்ணூற்றிரண்டு. எட்டால் வகுத்தேன். பதினொன்றரை. என் கை நின்றது. பதினொன்றரையில் ரயிலின் பத்தைக் கழித்தால் ஒன்றரை. மேடத்தின் அதே ஒன்றரை.

"ரெண்டு பேரும் சரி," என்றேன்.

"நான் ஜாஸ்தி சரி," என்றாள் பச்சையம்மா.

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் பாடத்தில் மோதலுக்குப் பிறகு எப்போதும் இன்னொரு கேள்வி உண்டு. இயக்க ஆற்றலில் எவ்வளவு இழப்பு? பாதி நிறையை வேகத்தின் இருமடியால் பெருக்க வேண்டும். மேடம் சட்டென்று முடித்துவிட்டார். மோதலுக்கு முன் பன்னிரண்டு ஜூல். பின் ஒன்பது. மூன்று ஜூல் சத்தமாகவும் சூடாகவும் போய்விட்டது.

என் பக்கத்தில் எண்கள் பெருத்துக்கொண்டே போயின. பழத்துக்கு மட்டும் நானூற்று முப்பத்திரண்டு. சாப்பாட்டுப் பைக்கு நூறு.

"ஐந்நூத்து முப்பத்திரண்டு," என்றேன் சின்னக் குரலில்.

"நான் பன்னெண்டு!" என்றார் மேடம் வெற்றியோடு. "பார்த்தியா? பன்னெண்டு எங்கே, ஐந்நூத்து முப்பத்திரண்டு எங்கே. ஒரே பழம்தானே? சேர்க்கக் கூடாதுன்னு சொன்னேனே."

"என் மரத்துப் பழம், மேடம். அத்தினி சக்தி இருக்கும்," என்றாள் பச்சையம்மா. ஆனால் அவள் முகத்திலும் லேசான கலக்கம்.

மீதியைப் போட்டேன். பதினொன்றரையின் இருமடி, அதை நாலால் பெருக்க வேண்டும். வண்டி ஆட்டத்தில் எழுத்து கோணியது. சைதாப்பேட்டைப் பாலத்தின் சத்தத்தில் எண்களை உரக்கச் சொல்லிக்கொண்டே பெருக்கினேன். ஐந்நூற்று இருபத்தொன்பது வந்தது. ஐந்நூற்று முப்பத்திரண்டில் ஐந்நூற்று இருபத்தொன்பது போனால்...

கவரை மேடத்தின் மடியில் வைத்தேன்.

"மூணு," என்றார் மேடம்.

"மெய்யாலுமா?" என்றாள் பச்சையம்மா.

"மூணேதான். இதிலயும் மூணு, அதிலயும் மூணு."

நர்ஸ் கண்ணைத் திறந்துவிட்டாள். யாரோ கை தட்டினார்கள். பச்சையம்மா குனிந்து, பலாப்பழத்தைத் தட்டிக்கொடுத்தாள், பரீட்சையில் தேறிய பிள்ளையைத் தட்டுவதுபோல. "உள்ள குந்திகினு பாத்தாலும் மூணு, வெளிய நின்னுகினு பாத்தாலும் மூணு. சோக்கா கீது," என்றாள்.

மேடம் இரண்டு முறை சரிபார்த்தார். நான் மூன்றாவது முறையும். ஏன் அப்படி வருகிறது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. தெரியாததில் எனக்கு வருத்தமே வரவில்லை. ஏதோ ஒரு பெரிய வீட்டின் ஜன்னல் வழியாக உள்ளே எரிகிற விளக்கைப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

"சுந்தரி," என்றார் மேடம். "இது எந்த ஸ்டேஷன்?"

எழும்பூர் எங்களுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

பூங்கா நிலையத்தில் இறங்கி, ஒரு மணி நேரம் பர்மிஷன் என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, எதிர்த் திசை வண்டிக்காக நின்றேன். இருபத்திரண்டு வருஷ வேலையில் தூங்கிப்போய்கூட நான் ஸ்டேஷனைத் தவறவிட்டதில்லை. நடைமேடையில் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து டீக்கடைக்காரர், "டீயாக்கா?" என்றார். "ஆமாம்," என்றேன். அதுவும் வழக்கமில்லை.

சாயங்காலம் ஸஹானாவின் கதவுக்கு முன்னால் நின்றபோதுதான் எப்படித் தட்டுவது என்பது எனக்குத் தெரிந்தது. விடையை எடுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. என்னிடம் ஒரு கேள்வி இருந்தது.

"என்னம்மா? பாலா?"

"இல்லடி. ட்ரெய்ன்ல ஒரு சண்டை. உங்கிட்டக் கேக்கலாம்னு."

பலாப்பழத்தைச் சொன்னேன். கட்டைப்பையைச் சொன்னேன். பச்சையம்மாவின் கால் தள்ளியதைச் சொன்னபோது நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். மோர்க்குழம்பு வந்தபோது சிரித்தாள். நான் கட்டில் நுனியில் உட்கார்ந்தேன். அவள் நோட்டைப் பிரித்துப் பேனாவை எடுத்தாள்.

"ஈஸிம்மா," என்றாள். "ட்ரெய்ன் ஸ்பீடு வேணாம். ஃபார்முலா இருக்கு. மூணு ஜூல்."

"சரி. சேர்த்துக்கிட்டா?"

"சேர்த்தா தப்பா வரும். முன்னாடி இருந்த எனர்ஜியே ஐந்நூறுக்கு மேல வந்துடும்."

"ஐந்நூத்து முப்பத்திரண்டு."

பேனா நின்றது. என்னைப் பார்த்தாள். இந்த முறை அந்தக் கனிவு இல்லை. "நீ போட்டியா?"

"நான்தான் போட்டேன். எழும்பூர்ல இறங்க மறந்துட்டேன். கடைசில எவ்வளவு போச்சுன்னு நீ பாரேன்."

அவள் போட்டாள். என்னைவிடப் பத்து மடங்கு வேகம் அவள் கை. 532, 529. பிறகு அந்த மூன்று. அதை வட்டமிட்டாள். பேனாவின் மூடியைக் கடித்தாள்.

"ஏம்மா ரெண்டுலயும் மூணே வருது?"

"தெரியலை," என்றேன்.

நான் சொன்னதிலேயே மிக நல்ல பதில் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். தெரிந்த ஒன்றை அவளுக்குச் சொல்ல நான் வரவில்லை, அவளிடம் கற்றுக்கொள்ளவும் வரவில்லை. ஒரு சின்ன எண்ணுக்கு முன்னால் இரண்டு பேரும் தெரியாமல் உட்கார்ந்திருந்தோம், தோள் தொட. எப்போது அவள் கட்டிலுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள் என்று கவனிக்கவில்லை.

"இரு. ட்ரெய்ன் ஸ்பீடை 'வி'ன்னு வெச்சுக்கறேன். பத்துன்னு வேணாம், எதுவா வேணா இருக்கட்டும்." எழுதிக்கொண்டே போனாள். வரிகள் நீண்டன. "இங்க ஒரு வி, அங்க ஒரு வி... இது அடிபட்டுடும். இது... ஐயோ, இதுவும் அடிபட்டுடும்மா! பாரு, பாரு!" என் தொடையில் அடித்தாள். "வி எல்லாம் போயிடுது. ஒண்ணைவிட ஒண்ணு எவ்வளவு வேகமா வருதோ, அந்த வித்தியாசம் மட்டும்தான் மிஞ்சுது. இந்த ஃபார்முலா எனக்கு மனப்பாடம்மா. இதுல வித்தியாசம்தான் எழுதியிருக்கு. எத்தனை தடவை எழுதியிருக்கேன், பார்த்ததே இல்ல."

"அதனாலதான் வெளியில நின்னாலும் உள்ள இருந்தாலும்..."

"ஆமா! ட்ரெய்ன் ராக்கெட் ஸ்பீடுல போனாலும் மூணுதான்!"

"ஏன் ரெண்டு பேரும் கத்தறீங்க?" ஸ்ரீநிவாசன் ரிமோட்டோடு வாசலில் நின்றார். "பலாப்பழம்னு காதுல விழுந்தது. எங்கே?"

"போயிடுச்சுப்பா," என்றாள் ஸஹானா. "பாரிஸ் கார்னருக்கு. மூணு ஜூலோட."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் இருவருக்கும் அதைப் பார்த்து இன்னும் சிரிப்பு வந்தது.

நான் எழுந்து வெளியே வரும்போது, பழக்கதோஷத்தில் கதவை இழுத்தேன்.

"சாத்தாதம்மா, காத்து வரட்டும்," என்றாள், நிமிராமலே. பிறகு, "அந்த பச்சையம்மா ஆன்ட்டி என்ன படிச்சிருக்காங்க?"

"கேட்டதில்லை. கேள்வி கேக்கப் படிச்சிருக்கா."

மறுநாள் காலை வண்டி பல்லாவரத்தை விட்டுக் கிளம்பியபோது என் கைபேசி சிணுங்கியது. ஸஹானா ஒரு படம் அனுப்பியிருந்தாள். நோட்டுத் தாளில் அவளுடைய கோணல் தமிழ். தமிழில் அவள் எழுதிப் பல நாள் ஆகியிருக்கும். உரக்கப் படித்தேன்.

"ட்ரெய்ன் ஆன்ட்டிகளுக்கு. அதே ரயில், அதே பழம், அதே சாப்பாட்டுப் பை. ஆனால் பச்சையம்மா ஆன்ட்டி பழத்தை ரயில் போகும் திசைக்கு எதிர்ப்பக்கமாக அதே வேகத்தில் தள்ளுகிறார். வெளியே நிற்பவர் பார்த்தால் மொத்த உந்தம் எவ்வளவு? ஆற்றல் இழப்பு எவ்வளவு? இரண்டாவது கேள்விக்குக் கணக்குப் போடாமல் பதில் சொல்ல வேண்டும்."

உந்தம் என்றுதான் எழுதியிருந்தாள். மொமெண்டம் என்று இல்லை. அந்தச் சொல்லை எப்போது தேடிக் கண்டுபிடித்தாளோ.

"உம்பொண்ணுக்கு இன்னா கொழுப்பு பாரு," என்றாள் பச்சையம்மா, முகம் மலர்ந்து. "கணக்குப் போடாத சொல்லணுமாம். மூணுதான், வேற இன்னா?"

"அவசரப்படாதே," என்று மேடம் கவரைத் தேடினார். "எதிர்ப்பக்கம்னா ரயில் வேகத்துல ரெண்டைக் கழிக்கணும். பழத்துக்கு எட்டு. ஆறெட்டு நாப்பத்தெட்டு, கூட இருபது. உந்தம் அறுபத்தெட்டு." கிண்டி தாண்டியது. "முன்னாடி இருநூத்துத் தொண்ணூத்திரண்டு. பின்னாடி இருநூத்து எண்பத்தொம்போது." தலையை ஆட்டினார். "மூணு."

"நான் சொன்னேன்ல?"

'68. மூணு. பச்சையம்மா ஆன்ட்டி போடாமலே சொன்னாங்க' என்று தட்டி அனுப்பினேன். பதில் உடனே வந்தது. வகுப்பில் இருக்க வேண்டிய நேரம், ஆனாலும் வந்தது.

'சூப்பர்மா'வை எதிர்பார்த்துத் திறந்தேன். 'பழத்துல எனக்குப் பங்கு உண்டான்னு கேளு' என்றிருந்தது.

கேட்டேன்.

"மரத்துல இன்னொன்னு கீது," என்றாள் பச்சையம்மா. "நாயித்துக்கெழம வந்து எடுத்துகினு போவச் சொல்லு. நீயும் வா. ஆனா ஒன்னு. காலால தள்ளிகினு போவக் கூடாது, தூக்கிகினுதான் போவணும்."

"அது எத்தனை கிலோக்கா?"

"அத்த உம்பொண்ணு வந்து கண்டுபுடிக்கட்டும்," என்றாள். எழும்பூர் வந்துவிட்டது. இந்த முறை இருவரும் சேர்ந்து என்னைப் பிடித்து இறக்கிவிட்டார்கள்.